அண்ணன் காரின் ஹாரன்

அன்று சாயங்காலம் எங்கள் வீட்டு வாசலில் இருந்தவர்கள்: என் அண்ணி ஜெகதாம்பாள், அவர் மகள் எழில், காரைச் சரிசெய்து கொண்டுவந்த மெக்கானிக் அழகேசன், எங்கள் மாடியில் குடியிருக்கும் ஷோபனா, தட்சிணாமூர்த்தியாகிய நான். ஐந்து பேர். ஷோபனாவைக் கேட்டால் ஆறு பேர் என்கிறாள். காருக்குள் இரண்டு பேர் உட்கார்ந்திருந்ததாக அவளுக்கு ஞாபகம். காருக்குள் இருந்தவன் நான் ஒருவன்தான்.

கார் என் அண்ணன் கோவிந்தராஜுடையது. ஸ்டாண்டர்டு ஹெரால்டு, இரண்டு கதவு, தந்த நிறம். மெட்ராஸிலேயே செய்த வண்டி. அதன் முன்பக்கம் மட்கார்டோடு சேர்த்து ஒரே மூடியாக முன்னால் கவிழும். அண்ணன் அதைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு டயர் மேலேயே உட்கார்ந்து இஞ்சினைத் துடைப்பார். பட்டாபிராமில் எங்கள் தெருவுக்குள் முதன்முதலில் நுழைந்த கார் அது. ஆவடி தொழிற்சாலைக்கு மரப்பெட்டி செய்து கொடுக்கும் காண்டிராக்டராக அண்ணன் தலையெடுத்தது அந்தக் காரில்தான். கோவிந்தராஜ் வருகிறார் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஹெரால்டு வருகிறது என்பார்கள்.

வாசலுக்கு வந்ததும் ஹாரன் அடிப்பார். இரண்டு குட்டை, ஒரு நீளம். அண்ணி வந்து கேட்டைத் திறப்பார். அண்ணன் இறங்கித் திறந்து நான் பார்த்ததில்லை. வேலையாள் ஓடி வந்தாலும் கையால் சைகை காட்டி நிறுத்திவிடுவார். வீட்டுக்காரி திறக்க வேண்டும், வீட்டுக்காரன் உள்ளே வர வேண்டும். எங்கள் அப்பா சைக்கிளில் வந்த காலத்தில் மணி அடித்தால் அம்மா வந்து திறப்பார். எங்கள் வீட்டு முறை அது. இதில் வெட்கப்பட எனக்கு ஒன்றும் இல்லை.

அண்ணன் இறந்ததும் அந்தக் காரில்தான், அந்த வாசலில்தான். மாரடைப்பு. நான் அப்போது அலுவல் காரணமாக வெளியூர் போயிருந்தேன். வண்டியைப் பத்திரமாக வீட்டு வாசல் வரை கொண்டுவந்து நிறுத்திவிட்டு உயிரை விட்டார் என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னேன். பிறகு காரை ஷெட்டில் ஏற்றித் தார்ப்பாய் போட்டு மூடினோம். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

அன்றிலிருந்து விளக்கு வைக்கும் நேரத்தில் அண்ணி வாசலுக்குப் போவார். கேட்டைத் திறப்பார். கார் ஒன்று உள்ளே வந்து ஷெட்டில் நிற்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் ஓரமாக ஒதுங்கி நிற்பார். பிறகு மூடிவிட்டு உள்ளே வருவார். மழையானாலும் போவார், காய்ச்சலானாலும் போவார். புருஷன் மேல் வைத்த மரியாதை என்று சொந்தத்தில் எல்லோரும் பேசுவார்கள். நானும் அப்படித்தான் சொல்லி வந்தேன். எங்கள் குடும்பத்துக்கு அது பெருமை.

போன வருஷம் எழில் என்னிடம் வந்தாள். கல்யாணம் வேண்டாம் என்று அம்மாவோடு இருக்கிறாள். பட்டாபிராமில் புதிதாக எழும்பிய ஐ.டி. கட்டடத்தில் வேலை.

"சித்தப்பா, அப்பா காரை எடுக்கலாம்னு இருக்கேன். வானகரத்துல அழகேசன்னு ஒருத்தர். பழைய வண்டியெல்லாம் பிரமாதமா மாத்திக் குடுக்கறார்."

"மாத்தி என்றால்?"

"புது இஞ்சின், அஞ்சு கியர், டிஸ்க் பிரேக். மேல் கூரை போல்ட்லதான் நிக்குது, கழட்டிட்டா ஓபன் கார். நாம ஓட்டி அனுபவிக்கலாம், சித்தப்பா. சும்மா பொம்மையா வச்சுக்க வேணாம்."

"உன் அப்பா கூரையில்லாத காரில் போனவர் இல்லை."

"அப்பா ஏசி இல்லாமயும்தான் போனார்."

ஆவடி தொழிற்சாலையில் நான் பரிசோதகனாக இருந்தவன். வரைபடத்தில் உள்ள அளவும் கையில் உள்ள பொருளும் ஒத்துப்போனால் முத்திரை வைப்பேன். ஒரு முடி விலகினாலும் திருப்பி அனுப்புவேன். எத்தனையோ பேர் கெஞ்சியிருக்கிறார்கள், மேலதிகாரிகள் மிரட்டியிருக்கிறார்கள். வைத்ததில்லை. அண்ணன் காரை இன்னொரு காராக்க நான் தலையசைப்பேனா? செய்தால் முழுக்க முழுக்கப் பழையபடி செய்ய வேண்டும், ஒரு திருகாணி மாறக் கூடாது, வருஷா வருஷம் நடக்கும் பழைய கார் ஊர்வலத்தில் கோவிந்தராஜின் ஹெரால்டு என்று அட்டை வைத்துப் போக வேண்டும் என்றேன்.

அண்ணி அப்போது கூடத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலை நிமிராமல் சொன்னார்: "வேற மாதிரியே பண்ணிடட்டும் தம்பி. அடையாளமே தெரியாத மாதிரி."

மகள் சொல்லிக் கொடுத்து அம்மா பேசுகிறார் என்று நினைத்தேன். "அண்ணி, அது அண்ணன் உட்கார்ந்த கார்" என்றேன். அவர் கீரையை ஆய்ந்துகொண்டே இருந்தார். எங்கள் வீட்டில் பெரியவன் சொல் கடைசிச் சொல். எழில் ஒரு வாரம் என்னோடு பேசாமல் இருந்துவிட்டு, கடைசியில் காரை லாரியில் ஏற்றி அனுப்பினாள்.

அழகேசனின் பட்டறை வானகரத்தில் பைபாஸுக்கு உட்புறம் இருந்தது. ஆள் நல்ல தொழில்காரன். வாய்தான் அடங்காது.

"சார், நீ இன்னா சார், பெரிய மன்சன் சொல்றியேன்னு கேட்டுகினு கீறேன். இத்த அப்டியே பழசா பண்ணிக் குட்த்தா ரெண்டாவது கியர் போடசொல்ல கத்தும். பிரேக்கு அடிச்சா நாளைக்கு நிக்கும். எயில் மேடம் சொன்னா மாரி பண்ணா பூந்தமல்லி ரோட்ல ஒருத்தன் கிட்ட வர மாட்டான்."

"எனக்கு யாரையும் முந்த வேண்டாம்."

"அப்ப இன்னாத்துக்கு சார் காரு? ஒரு மாட்டு வண்டி வாங்கிக்கயேன். அது பொறந்ததுலேர்ந்து ஒர்ஜினல்."

அவன் சிரிப்பான், நான் சிரிக்க மாட்டேன். ஆனால் வேலை நடந்தது. வாரம் இரண்டு முறை போய் ஒவ்வொரு பாகமாகப் பார்த்தேன். பழைய போட்டோவை வைத்துப் பெயிண்டின் நிறத்தைச் சரிபார்த்தேன். சீட்டுக்குள் பஞ்சு வைத்திருந்தான். பிரித்துப் போட்டுத் தேங்காய் நார் அடைக்கச் சொன்னேன். ஸ்டியரிங்கில் அண்ணனின் மோதிரம் உரசித் தேய்ந்த இடத்தைப் பூசி மறைக்க வந்தான். அதைத் தொடாதே என்றேன்.

நார் அடைத்த சீட்டைக் காரில் மாட்டிய அன்று கதவைத் திறந்ததும் மூக்குப்பொடி வாசனை அடித்தது. அண்ணன் போடும் பொடி. அழகேசனும் மோந்து பார்த்துவிட்டுத் தும்மினான். "யாரு சார் இங்க பொடி போட்டது? எம் பட்டறைல பான்பராக்குக்கே தடா." புதுச் சீட்டு, புது நார், புதுத் துணி. எங்கிருந்து வந்தது வாசனை என்று நான் யோசிக்கவில்லை. அளவு சரியாக வந்துகொண்டிருக்கிறது, அதற்கு அடையாளம் என்று எடுத்துக்கொண்டேன்.

பாகங்கள் ஒவ்வொன்றாகப் பழையபடி ஆக ஆக அண்ணி வீட்டின் பின்பக்கமாக ஒதுங்கிக்கொண்டே போனார். முன் அறைக்கு வருவதை நிறுத்தினார். படுக்கையைச் சமையலறைக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். விளக்கு வைக்கும் நேரத்தில் மட்டும் வாசலுக்குப் போய்வருவார். ஒருநாள் என்னிடம் கேட்டார்.

"அந்த ஹாரனும் போடுவீங்களா தம்பி?"

அந்த ஹாரன் துருப்பிடித்து எப்போதோ உதிர்ந்துவிட்டது. "கவலையே படாதீங்க அண்ணி. அதே சத்தம் வரும்" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். கண் கலங்கியிருந்தது. அந்தச் சத்தத்துக்காக அவர் ஏங்குவதாக நினைத்துக்கொண்டேன். மறுநாளே புதுப்பேட்டைக்குப் போனேன். பழைய சாமான் கடைகளில் ஏறி இறங்கி, அதே வகை ஹாரன் நான்கைந்தைப் பேட்டரியில் வைத்து அடித்துப் பார்த்து, தொண்டை கட்டின மாதிரி லேசாகக் கரகரக்கும் ஒன்றைக் கண்டுபிடித்தேன். அண்ணன் காரின் சத்தம் எனக்கு நன்றாகத் தெரியும்.

இனி அந்தச் சாயங்காலம்.

வானகரத்திலிருந்து அழகேசன்தான் ஓட்டிவந்தான். தெருமுனையில் அவனை இறக்கிவிட்டு நான் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தேன். வீட்டுக்குள் கொண்டுபோகிறவன் குடும்பத்து ஆண்பிள்ளையாக இருக்க வேண்டும். டயருக்கு அடியில் வைக்க எழில் எலுமிச்சம்பழத்தோடு வாசலுக்கு வெளியே நின்றாள். ஷோபனா மாடிப்படியில் நின்று போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். சேலத்துப் பெண், கெட்டவள் இல்லை. கேட் மூடியிருந்தது. மூடி வைக்கச் சொன்னவன் நான்தான். விளக்கு வைக்கும் நேரமாகப் பார்த்து வந்ததும் நான்தான். அண்ணி ஒரு முறையாவது நிஜமான காருக்குக் கதவைத் திறக்கட்டும் என்று ஆசைப்பட்டேன்.

ஹாரனை அடித்தேன். இரண்டு குட்டை, ஒரு நீளம்.

நீளம் நிற்கவில்லை. கையை எடுத்துவிட்டேன், அது அடித்துக்கொண்டே இருந்தது. பட்டனைத் தட்டினேன். ஸ்டியரிங் நடுவில் உள்ள அந்தப் பட்டன் உள்ளே அமுங்கிக் கிடந்தது, யாரோ கனத்தை வைத்து அழுத்துகிற மாதிரி. "சார், ஒயர புடுங்கு சார்!" என்று அழகேசன் ஓடி வந்தான். அப்போது என் நெஞ்சின் மேல் ஒரு பாரம் இறங்கியது. முன்னால் சாய்ந்தேன். நானாகச் சாய்ந்தேனா, சாய்க்கப்பட்டேனா என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. என் முகத்துக்கு எதிரே மோதிரம் உரசின தடம் தெரிந்தது. பொடி வாசனை.

அண்ணி வந்தார். அவர் ஓடி நான் பார்த்ததே இல்லை. கேட்டைத் திறந்து இரண்டு கதவையும் சுவரில் மோதவிட்டார். நேராகக் காரிடம் வந்து கதவைத் திறந்தார். என் இரண்டு அக்குளிலும் கைகொடுத்து என்னை ஸ்டியரிங்கிலிருந்து நிமிர்த்தினார். எழுபது வயதைத் தாண்டிய பெண்பிள்ளை, என்னைக் குழந்தை மாதிரித் தூக்கினார்.

"திறந்துட்டேன். எந்திரிங்க. திறந்துட்டேன் பாருங்க. வேணும்னு பண்ணலைங்க. எந்திரிங்க."

ஹாரன் நின்றது.

"அம்மா, அது சித்தப்பாம்மா" என்று எழில் அழுதாள். அண்ணி என் முகத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்த பிறகுதான் கையை விட்டார்.

அழகேசன் ஸ்டியரிங் பட்டனைக் கழற்றிப் பார்த்தான். எப்போதும் ஏதாவது சொல்கிறவன், அப்போது சொன்னது இவ்வளவுதான்: "கான்டாக்டு க்ளீனா கீது சார். ஒட்டவே இல்ல."

உள்ளே போனதும் அண்ணி எழிலின் மடியில் தலைவைத்துப் படுத்தார். எங்கள் இருவருக்கும் கேட்கும்படி சொன்னார். அண்ணன் இறந்த அன்று காலையில் அவர்களுக்குள் சண்டை. பூந்தமல்லியில் இருக்கும் அண்ணியின் தங்கை முத்தம்மாள் வீட்டில் வளைகாப்பு. அந்த வீட்டுக்கு எங்கள் வீட்டார் போவதில்லை. ஏன் என்பதை இங்கே எழுத மாட்டேன். போகக் கூடாது என்று சொல்லிவிட்டு அண்ணன் வேலைக்குக் கிளம்பிவிட்டார். சாயங்காலம் ஹாரன் அடித்தது. இரண்டு குட்டை, ஒரு நீளம்.

"கல்யாணமான நாள்லேர்ந்து முதல் வாட்டியா, போக மாட்டேன்னு உக்காந்துட்டேன் தம்பி. அடிக்கட்டும், இறங்கி வந்து திறக்கட்டும்னு. விடாம அடிச்சார். கோவத்துல அடிக்கறார்னு நெனச்சேன். அடுப்புல பால் வச்சுட்டு உக்காந்திருந்தேன். பால் பொங்கி அடங்கிடுச்சு. அப்பவும் அடிச்சுக்கிட்டே இருந்தது. அப்புறம்தான் போனேன். ஸ்டியரிங் மேல கவுந்து கிடந்தார்."

"ஒரு நொடியில போயிருப்பார்னு டாக்டர் சொன்னாரேம்மா" என்றாள் எழில்.

"டாக்டர் வாசல்லயா நின்னார்?"

எழில் அம்மாவின் நெற்றியை வருடினாள். அண்ணியே தொடர்ந்தார்.

"அன்னிலேர்ந்து தினமும் கேக்குது. போய்த் திறக்கறேன். உள்ள வந்துட்டார்னு தெரிஞ்சா நின்னுடும். மறுநாள் மறுபடி. அந்தக் கார் வேற காரா ஆயிட்டா அவருக்கு அடையாளம் தெரியாம போயிடும்னுதான், வேற மாதிரி பண்ணுங்கன்னு சொன்னேன். நீங்க அவரையே செஞ்சு கொண்டாந்துட்டீங்க."

நான் எழுந்து வெளியே வந்தேன். கார் இன்னும் கேட்டுக்கு வெளியே, பாதித் தெருவில், முன் விளக்கு எரிய நின்றது. போட்டோவில் உள்ளபடியே நின்றது. தவறு சொல்ல ஒரு இடம்கூட இல்லை. முத்திரை வைக்கலாம். எழில் வந்து பக்கத்தில் நின்றாள்.

"கூரையைக் கழட்டச் சொல்லு" என்றேன்.

"இப்பவா சித்தப்பா?"

"அவனிடம் சொல்லு. எல்லாவற்றையும் மாற்றட்டும்."

மாற்றினான். அனுமதி வாங்கும் அலைச்சலை எழில் பார்த்துக்கொண்டாள். நான் பட்டறைக்குப் போய் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன். யாரும் கூப்பிடவில்லை. வீட்டு ஆள் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் அதைச் செய்யக் கூடாது என்று தோன்றியது. முன்மூடியைக் கவிழ்த்து இஞ்சினைச் சங்கிலியில் தூக்கியபோது அது காற்றில் மெதுவாகத் திரும்பியது. எழுந்து நின்றேன். அழகேசனும் வேலையாட்களும் தாங்களாகவே செருப்பைக் கழற்றினார்கள். கூரையின் போல்ட்டுகள் சுலபமாக வந்தன. சீட்டிலிருந்து நாரைப் பிடுங்கினார்கள். ஸ்டியரிங் போயிற்று. அந்த இடத்தில் கைக்கு அடக்கமாக, தோல் சுற்றிய சின்னச் சக்கரம் ஒன்று வந்தது. ஹாரனுக்கு என்ன செய்வது என்று அழகேசன் தயங்கினான். கடைசியில் மின்சார ஸ்கூட்டருடையது ஒன்றைப் போட்டான். அணில் கத்துகிற மாதிரி இருக்கும்.

நிறத்தை அண்ணி தேர்ந்தெடுத்தார். கத்தரிப்பூ நிறம். "மேடம், மாப்ள காரு மாரி இல்ல, சர்க்கஸ் காரு மாரி கீது" என்றான் அழகேசன். "அப்பிடியே இருக்கட்டும்" என்றார் அண்ணி. அவர் சிரித்ததைப் பார்த்து எழிலும் சிரித்தாள்.

எனக்கு அந்தக் கார் பிடிக்கவில்லை. அதையும் எழுதிவிடுகிறேன். ஒரு அளவுகூட ஒத்துப்போகாத பொருள் அது. ஆனால் முதல் நாள் பின்சீட்டில் உட்கார்ந்து போனேன். அண்ணி முன்னால் இருந்தார். எழில் வெளிவட்டச் சாலையில் ஏறி அழுத்தியதும் அண்ணியின் முந்தானை பறந்து என் முகத்தில் விழுந்தது. அண்ணி அதை இழுத்துக்கொள்ளவே இல்லை. "இன்னும் போ, இன்னும் போ" என்றார். லாரிக்காரர்கள் ஹாரன் அடித்தார்கள். எந்தச் சத்தத்துக்கும் அவர் திரும்பவில்லை.

பூந்தமல்லிக்குப் போகச் சொன்னார். முத்தம்மாள் வீட்டு வாசலில் நிறுத்தியதும் அண்ணி தானாகக் கதவைத் திறந்துகொண்டு இறங்கி உள்ளே போனார். எழிலும் போனாள். நான் காரிலேயே உட்கார்ந்திருந்தேன். போகாத வீடு போகாத வீடுதான். கொஞ்ச நேரத்தில் முத்தம்மாள் வெளியே வந்தார். வாங்க என்றும் சொல்லவில்லை, ஏன் வரவில்லை என்றும் கேட்கவில்லை. டவரா டம்ளரைக் கதவுக்கு மேலாக நீட்டினார். கூரை இல்லாத காரில் முகத்தைத் திருப்பிக்கொள்ள இடம் கிடையாது. வாங்கிக் குடித்தேன். நல்ல காப்பி.

இப்போது எழில் வேலையிலிருந்து வந்ததும் சாயங்காலம் தவறாமல் அம்மாவை ஏற்றிக்கொண்டு போகிறாள். நெமிலிச்சேரிப் பக்கமோ, தாண்டியோ. இருட்டிய பிறகுதான் திரும்புகிறார்கள். அண்ணி மறுபடி முன் அறையில் படுக்கிறார். உடம்பு தேறியிருக்கிறது. ஷோபனா தன் போனில் இருந்த படத்தை அழித்துவிட்டாள். ஆனால் அதற்குள் பேச்சு கிளம்பிவிட்டது. கார் உருமாறியதும் கோவிந்தராஜ் வழி தெரியாமல் போய்விட்டார், அந்த வீட்டு வாசலில் ஹாரன் சத்தம் நின்றுவிட்டது என்று பட்டாபிராமில் பேசிக்கொள்கிறார்கள்.

அது தவறு. நிற்கவில்லை. அந்த நேரத்தில் அண்ணி வீட்டில் இருப்பதில்லை. நான் போய்த் திறக்கிறேன்.